பிளஸ் டூ முடித்த 87 பேர்: பேனரில் யார் படம்?

வேப்பமரத்தடி | மே 8, 2025, இரவு 10.20

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் 2004இல் பிளஸ் டூ முடித்தவன் நான். இன்று காலை ரிசல்ட் வந்தது. 9ஆம் தேதி என்று சொல்லியிருந்தார்கள், ஒரு நாள் முன்னாலேயே விட்டுவிட்டார்கள். எங்கள் பள்ளியில் 87 பேர் எழுதி 79 பேர் பாஸ். ஒரு பெண் 600க்கு 561. அடுத்து 548, 540.

பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மதியத்துக்குள் 42,500 ரூபாய் சேர்ந்துவிட்டது. பணம் சேர்ந்ததில் பிரச்சினை இல்லை, செலவழிப்பதில்தான் சாயங்காலத்திலிருந்து சண்டை. ஒரு கட்சி பஸ் ஸ்டாப்பில் இருபதுக்குப் பத்து பிளக்ஸ், முதல் மூன்று பேர் படம், கேடயம், பொன்னாடை, ஒரு சிறப்பு விருந்தினர் என்கிறது. இன்னொரு கட்சி 79 பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு பேனாவும் பிரியாணியும் கொடுப்போம் என்கிறது. அட்மின் என்ற ஒரே பாவத்துக்காக இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறேன். உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறீர்கள்?

நெல்லைச்சீமை | மே 8, இரவு 10.34

பிரியாணி கட்சிக்கு என் ஓட்டு. சிறப்பு விருந்தினர் வந்தால் அவர் பேசி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிவிடும்.

ரேங்க்காரி_அப்பா | மே 8, இரவு 11.02

நான் பிளக்ஸ் கட்சி. காரணம் சொல்கிறேன், திட்டுவதற்கு முன்னால் படியுங்கள்.

அரசுப் பள்ளியில் 561 என்பது சும்மா வந்ததில்லை. டியூஷன் இல்லை, ஏசி பஸ் இல்லை. ஊர்த் திருவிழாவுக்கும் கட்சி மாநாட்டுக்கும் காதுகுத்துக்கும் பேனர் வைக்கிறோம். படித்த பிள்ளைக்கு வைத்தால் மட்டும் திடீரென்று எல்லோரும் சமத்துவம் பேசுகிறார்கள். 2023இல் திண்டுக்கல்லில் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள் 600க்கு 600 எடுத்தாரே, அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு எத்தனை வீட்டில் பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல் விட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்த வருஷம் ஜூனில் நடிகர் விஜய் தொகுதிவாரியாக முதல் மூன்று இடம் பிடித்தவர்களை நீலாங்கரைக்கு வரவழைத்துப் பரிசு கொடுத்தார். அரசியல் கணக்கு என்று சொல்லுங்கள், மறுக்கவில்லை. ஆனால் மேடை ஏறிய பிள்ளைகளின் முகத்தில் இருந்தது கணக்கு இல்லை.

எல்லோருக்கும் மெடல் என்றால் மெடல் வெறும் தகரம்.

பிளக்ஸ்கடை_தம்பி | மே 8, இரவு 11.40

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

முதலாவது, பஸ் ஸ்டாப்பில் வைக்காதீர்கள். 2019இல் சென்னையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்த பிறகு அனுமதி இல்லாமல் சாலையோரம் வைத்தால் சிக்கல். அச்சடித்துக் கொடுக்கும் எங்களைத்தான் முதலில் பிடிப்பார்கள். பள்ளி காம்பவுண்டுக்குள் வையுங்கள்.

இரண்டாவது, ரிசல்ட் வாரத்தில் எங்களுக்கு வரும் படம் எல்லாம் ஹால் டிக்கெட் படம்தான். தபால்தலை அளவு. அதை எட்டடிக்கு இழுத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. போன வருஷம் ஒரு பையன் கடைக்கு வந்து, "அண்ணே, என் மூக்கை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க" என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் ஒரு ரகசியம். நாங்கள் அடிக்கும் பிளக்ஸ் எல்லாம் ஒரே மாதத்தில் மாட்டுக் கொட்டகைக்குத்தான் போகிறது. வாழ்த்து வாசகத்தை விட ஷீட் கனமா என்றுதான் பலர் கேட்கிறார்கள்.

சாக்பீஸ்_டீச்சர் | மே 9, காலை 6.15

31 வருஷம் வணிகவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். தம்பி, நீங்கள் எழுதியதில் ஒன்று தொண்டையில் மாட்டிக்கொண்டது. "79 பேரையும் கூப்பிட்டு" என்கிறீர்கள். மீதி எட்டுப் பேர் எங்கே போனார்கள்? அவர்களும் அதே பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தார்கள்?

நேற்று எல்லா டிவியிலும் 95.03 சதவீதம் என்று ஓடியது. மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. முந்தைய வருஷத்தை விட அதிகம், சந்தோஷம்தான். ஆனால் 7,92,494 பேர் எழுதியதில் பாஸானவர்கள் 7,53,142. கழித்துப் பாருங்கள், 39,352 வீட்டில் நேற்று ராத்திரி அடுப்பு சரியாக எரிந்திருக்காது. பணியில் இருந்தவரை ரிசல்ட் அன்று நான் முதலில் போன் போட்டது சென்டம் வாங்கியவளுக்கு இல்லை, பெயிலானவனின் அம்மாவுக்கு. "பையனைத் தனியா விடாதீங்க, சாப்பிட வைங்க, மத்ததை ஜூன்ல பாத்துக்கலாம்." இவ்வளவுதான் பேசுவேன். 104க்கும் 14416க்கும் கூப்பிட்டால் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள் என்பதையும் உங்கள் குழுவில் போட்டு வையுங்கள்.

ரேங்க் விஷயத்துக்கு வருகிறேன். 2016 வரை மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வந்தது. அது என்ன செய்தது என்று உள்ளே இருந்து பார்த்தவள் நான். தனியார் பள்ளிகள் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தன. பல இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடவே இல்லை, இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்தார்கள். 2017இல் பட்டியலை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 மதிப்பெண் 600 ஆனது. என் மாணவர்கள் முதல் பக்கத்துக்கு வந்ததே கிடையாது என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் திண்டுக்கல் பெண் வணிகவியல் பிரிவு என்று தெரிந்த அன்று எங்கள் தெருவுக்கே லட்டு கொடுத்தேன்.

ரேங்க்காரி_அப்பா | மே 9, காலை 7.50

டீச்சர், லட்டு கொடுத்தது முதலிடத்துக்குத்தானே? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

சாக்பீஸ்_டீச்சர் | மே 9, காலை 8.05

மாட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்த எட்டுப் பேரை விட மாட்டேன்.

மூன்றாம்_பெஞ்ச் | மே 9, இரவு 9.30

நான் அந்த எட்டுப் பேரில் ஒருவன். 2009 செட்.

கணக்கில் 200க்கு 70 எடுத்தால் பாஸ். எனக்கு 64. மற்ற எல்லாவற்றிலும் பாஸ். பிப்ரவரியில் வழியனுப்பு விழா நடந்தபோது நானும் கோட்டு போட்ட மாதிரி நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டேன். கடைசிப் பரீட்சை அன்று என் வெள்ளைச் சட்டையில் இங்க் தெளிக்காதவன் கிடையாது. ஸ்லாம் புத்தகத்தில் பதினேழு பேர் "என்றும் மறவேன்" என்று எழுதினார்கள். மே மாதம் ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் பாராட்டு விழா. பாஸானவர்களுக்கு மட்டும். அதற்கு வீட்டுக்கு வீடு வசூல் நடந்தது, என் அம்மா ரிசல்ட்டுக்கு முன்னாலேயே 50 ரூபாய் கொடுத்து ரசீதும் வாங்கியிருந்தாள். மைக்செட் சத்தம் எங்கள் வீட்டுத் திண்ணை வரை கேட்டது. பேர் பேராகக் கூப்பிட்டார்கள். என் பெயருக்கு முந்தின பெயர் வந்தது, என் பெயருக்கு அடுத்த பெயர் வந்தது. வருகைப் பதிவேட்டில் நடுவில் ஒரு வரியைக் கிழித்து எடுத்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரியே திருப்பூர் பஸ் ஏறிவிட்டேன்.

உடனடித் தேர்வுக்குத் திரும்பி வந்து எழுதினேன், பாஸ். அப்புறம் ஐடிஐ, பிறகு கோவையில் லேத் பட்டறை. இன்று ஆறு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். இதை வெற்றிக் கதையாக எழுதவில்லை, யாரும் கைதட்ட வேண்டாம். பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. முதலிடம் எடுத்தவன் என் நண்பன், அவனுக்குப் பரிசு கிடைத்தால் எனக்கென்ன? என் பெயரைத் தாண்டிப் போனதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அந்த 50 ரூபாய் ரசீது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது.

நெல்லைச்சீமை | மே 9, இரவு 9.48

அண்ணே. பிரியாணி ஜோக் அடித்ததற்கு மன்னிக்கவும்.

மூன்றாம்_பெஞ்ச் | மே 9, இரவு 9.55

ஏன் தம்பி, பிரியாணி நல்ல யோசனைதான். எனக்கும் சேர்த்துப் போடுங்கள்.

ஸ்காபரோ_தங்கச்சி | மே 10, காலை 5.10

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் பள்ளி முடித்தவள். இரண்டு பக்கத்தையும் கண்டிருக்கிறேன்.

ஊரில் உயர்தரப் பெறுபேறு, அதாவது உங்கள் பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி, வந்தால் மூன்று ஏ எடுத்தவரின் படம் ரியூசன் சென்டர் வாசலில் தொங்கும். மாவட்டத்தில் எத்தனையாவது என்பதுதான் கதை. மற்றவர்கள் அந்த வாரம் கோயிலுக்குக்கூடப் போக மாட்டார்கள். இங்கே ஒன்ராறியோவில் பட்டமளிப்பு நாளில் அங்கியும் தட்டைத் தொப்பியும் போட்டு எல்லாப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக மேடையைக் கடக்க வேண்டும். 30 பாட அலகு, 40 மணி நேரச் சமூக சேவை, ஒரு எழுத்தறிவுத் தேர்வு, இவற்றை முடித்தவர் யாராக இருந்தாலும் பெயர் வாசிக்கப்படும். 80 சதவீதச் சராசரி எடுத்தவருக்கு ஒன்ராறியோ ஸ்காலர் என்று தனிச் சான்றிதழும் உண்டு. ஆகவே ரேங்க்காரி அப்பா சொல்வதும் நடக்கிறது, டீச்சர் சொல்வதும் நடக்கிறது. ஒன்றுக்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை.

ஒரு குறை சொல்லவேண்டும். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. மேடையில் அதை வாசித்தவர் மூன்று முறை முயன்று கடைசியில் முதல் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தார். என் அப்பா இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்திருந்தவர். கூட்டத்தின் கடைசி வரிசையில் எழும்பி நின்று முழுப் பெயரையும் கத்தினார். அந்த நேரம் வெட்கத்தில் செத்துப் போனேன். இப்போது அந்த வீடியோவைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதல்_பட்டதாரி | மே 10, காலை 10.25

போன வருஷம் பிளஸ் டூ முடித்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். எனக்கும் ஊரில் கேடயம் கொடுத்தார்கள். பத்திரமாக இருக்கிறது, டிவி மேல். நன்றி கெட்டவள் என்று நினைக்கக் கூடாது, ஆனால் அந்த வாரம் எனக்குத் தேவைப்பட்டது வேறு.

ரிசல்ட் வந்த அடுத்த நாளிலிருந்து ஓட்டம். இஞ்சினியரிங் கவுன்சலிங் பதிவு வேறு, அரசு கலைக் கல்லூரிப் பதிவு வேறு. எதற்கு எது கடைசித் தேதி என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் வேறு மாதிரி. முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே, அது இருந்தால் கவுன்சலிங் மூலம் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு என்பதே, இ-சேவை மையத்தில் முன்னால் நின்ற அக்கா சொல்லித்தான் தெரியும். அதற்கு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் ஆபீஸ் என்று மூன்று படி. அப்பாவுக்கு நாலு நாள் கூலி போச்சு. இஞ்சினியரிங் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி எஸ்டி என்றால் 250. அது பெரிய தொகையா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டு மே மாதத்தைப் பார்த்ததில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இரண்டுக்கும் பிள்ளையின் பேரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். என் கணக்கு ஸ்காலர்ஷிப்புக்காக எட்டாம் வகுப்பில் தொடங்கியது, செத்துக் கிடந்தது. அதை எழுப்பவே இரண்டு வாரம்.

அதனால் விழா நடத்துகிற அண்ணன்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு ஜெராக்ஸ் மெஷின், விஷயம் தெரிந்த இரண்டு பேர். பொன்னாடையை விட இது உதவும். அப்புறம், ஜூனில் வைக்காதீர்கள். அதற்குள் பாதிக் கதவு மூடியிருக்கும்.

வேப்பமரத்தடி | மே 10, பகல் 1.15

மேலே உள்ள பதிவை அப்படியே குழுவில் போட்டேன். முதல் முறையாக ஐந்து நிமிஷம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் சென்னையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் மெஷின் தருகிறேன் என்றார், அதைக் கொண்டுவர வேன் யார் வாடகை என்று அடுத்த சண்டை ஆரம்பித்துவிட்டது.

தேதி முடிவு: மே 18, ஞாயிறு. 87 பேருக்கும் அழைப்பு. ஆனால் டீச்சர், ஒரு சந்தேகம். பெயிலான பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டால் அது அவனுக்கு மரியாதையா, இன்னொரு முறை அவமானமா? என்ன சொல்லிக் கூப்பிடுவது?

சாக்பீஸ்_டீச்சர் | மே 10, மாலை 4.40

நல்ல கேள்வி. காலையிலிருந்து அதையேதான் யோசித்தேன். மூன்றாம் பெஞ்ச் தம்பி பதிவேட்டில் வரி கிழிந்தது என்றாரே, பதில் அதிலேயே இருக்கிறது. மார்க் வாசிக்காதீர்கள், பாஸ் பெயில் வாசிக்காதீர்கள். வகுப்பாசிரியரை மேடையில் உட்கார வைத்து பிளஸ் டூ வருகைப் பதிவேட்டை எடுத்துக் கடைசி முறையாக அட்டெண்டன்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். பெயர் வந்ததும் "உள்ளேன் அம்மா" என்று சொல்லிவிட்டு மேலே வரட்டும். பன்னிரண்டு வருஷமாகச் சொன்ன வார்த்தை, அதைச் சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்காது. அந்த எட்டுப் பேர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். துணைத் தேர்வு ஜூன் 25இல் ஆரம்பம், விண்ணப்பமும் அதே மேசையில் போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் வருவதற்கு ஒரு சாக்கும் கிடைக்கும்.

2021 செட்டை நினைத்துக்கொள்கிறேன். கொரோனாவில் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் இருந்து 30 சதவீதம் என்று கணக்குப் போட்டு எல்லோருக்கும் மார்க் கொடுத்தார்கள். வழியனுப்பு விழா இல்லை, இங்க் தெளிப்பு இல்லை. கடைசி நாள் எது என்றே தெரியாமல் முடித்த பிள்ளைகள். முடிந்தால் அவர்களில் யாராவது உள்ளூரில் இருந்தால் கூப்பிடுங்கள்.

ரேங்க்காரி_அப்பா | மே 10, இரவு 8.20

சரி. ஆனால் 561ஐ மேடையில் சொல்லியே ஆக வேண்டும். என் பங்காக 5,000 ரூபாய் தனியாக அனுப்புகிறேன், முதல் மூன்று பேருக்கும் புத்தகமோ காலேஜ் பையோ அவர்கள் கேட்பதை வாங்கிக் கொடுங்கள். தொழிற்பிரிவில் முதலாவது வந்தவரை மறந்துவிடாதீர்கள், அவர்களை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என் தம்பி அந்தப் பிரிவு, அதனால் சொல்கிறேன்.

பிளக்ஸ்கடை_தம்பி | மே 10, இரவு 8.45

குரூப் போட்டோ எடுத்திருப்பார்களே, அதை அனுப்புங்கள். 87 பேரும் இருக்கிற படம். பத்துக்கு ஆறில் அடித்துப் பிரேம் போட்டுத் தருகிறேன், சங்கரன்கோவில் எனக்கு ஒரு மணி நேரம்தான். ஷீட்டுக்கு மட்டும் காசு கொடுங்கள். முகம் தெரியும், மூக்குக்கு நான் கியாரண்டி.

ஸ்காபரோ_தங்கச்சி | மே 11, காலை 4.30

பெயர்களை முன்னாலேயே ஒரு முறை வாசித்துப் பழகச் சொல்லுங்கோ.

வேப்பமரத்தடி | மே 19, இரவு 9.10

நேற்று முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

87இல் 71 பேர் வந்தார்கள். எட்டுப் பேரில் ஐந்து. மூன்று பேர் வீட்டுக்கு நானும் தமிழ் ஐயாவும் இரண்டு முறை போனோம். ஒருவன் கேரளாவுக்கு லோடு ஏறிப் போய்விட்டான், ஒருத்தி பாட்டி வீட்டுக்கு, இன்னொருவன் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்ல வைத்தான். அவனை வற்புறுத்தவில்லை.

சிறப்பு விருந்தினர் யாரும் இல்லை. பத்து மணிக்கு வகுப்பாசிரியை பதிவேட்டைத் திறந்தார். முதல் பெயருக்கு "உள்ளேன் அம்மா" என்று பாதிக் குரலில்தான் வந்தது, பத்தாவது பெயருக்குள் பயல்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வராத ஒருவனுக்குப் பின்னாலிருந்து நண்பன் குரலை மாற்றி "உள்ளேன்" கொடுத்தான். வகுப்பாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ரெண்டு வருஷமா நீதான்டா அவனுக்கும் சேத்து சொல்லியிருக்கே?" என்றார். கேரளாவுக்குப் போனவன் பெயர் வந்ததும் அவன் அம்மா கூட்டத்தில் எழுந்து நின்றார். எதுவும் சொல்லவில்லை, நின்றார். டீச்சர் டிக் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

561 பெண்ணுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் தனியாகக் கைதட்டல், பரிசு எல்லாம் உண்டு. அந்தப் பெண் பை வேண்டாம், தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கித் தர முடியுமா, அம்மாவுக்குக் கால் வலி என்று கேட்டது. ரேங்க்காரி அப்பாவிடம் போனில் கேட்டேன், எவ்வளவு ஆனாலும் வாங்கு என்றுவிட்டார். தொழிற்பிரிவில் முதலாவது வந்த பையன் மைக்செட்டில் ஓடிய இரைச்சலைச் சரி செய்துகொண்டிருந்ததால் மேடைக்குக் கடைசியில்தான் வந்தான்.

மேசையில்தான் கூட்டம் அதிகம். சாயங்காலம் ஆறு வரை 34 விண்ணப்பம் போட்டோம். நடுவில் இரண்டு மணி நேரம் சர்வர் படுத்துவிட்டது, அந்த இரண்டு மணி நேரத்தில்தான் எல்லோரும் நிதானமாகச் சாப்பிட்டார்கள். ஐந்து பேருக்கும் துணைத் தேர்வுப் பதிவுக்கான தாள்கள் தயார். மூன்றாம் பெஞ்ச் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் கோவையிலிருந்து வந்துவிட்டார். விழாவில் பேசச் சொன்னேன், மாட்டேன் என்றார். ஜெராக்ஸ் மெஷின் பேப்பர் மாட்டிக்கொண்டபோதெல்லாம் அவர்தான் பிரித்து மாட்டினார்.

கணக்கு: கையில் 1,340 ரூபாய் மீதி. துணைத் தேர்வு எழுதுகிறவர்களின் பஸ் செலவுக்கு வைத்திருக்கிறேன், குழுவில் ஆட்சேபம் இருந்தால் வழக்கம்போல் திட்டலாம்.

முதல்_பட்டதாரி | மே 19, இரவு 9.32

34 விண்ணப்பமா! சந்தோஷம் அண்ணா.

பிளக்ஸ்கடை_தம்பி | மே 19, இரவு 9.50

பிளக்ஸ் என்ன ஆனது? கேட்காமல் தூக்கம் வராது.

வேப்பமரத்தடி | மே 19, இரவு 10.05

விழா முடிந்து கழற்றும்போதே சத்துணவு சமைக்கும் அக்கா வந்து நின்றுவிட்டார். ஆட்டுக் கொட்டகை ஒழுகுகிறதாம். படம் வெளியே தெரிகிற மாதிரி போடுகிறேன் என்று சத்தியம் செய்து வாங்கிப் போனார். இன்று காலை அந்தப் பக்கம் போனேன். உள்பக்கமாகத்தான் போட்டிருக்கிறார். 87 பேரும் கீழே நாலு ஆட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.